குதிரை டிரெய்லரில் தங்கும் அறைக்கு எந்த ஆடியோ செட் சரிவரும்?

ஷாங்வெனி சவாரி (வெள்ளி, இரவு 9:40)

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்து ஷாங்வெனியிலிருந்து எழுதுகிறேன். மகள் குதிரையில் தடை தாண்டும் போட்டிகளுக்குப் போகிறாள். இத்தனை நாள் சாதாரண ஹார்ஸ்பாக்ஸைப் பக்கியில் இழுத்துக்கொண்டு திரிந்தோம். (பக்கி என்றால் பின்பக்கம் திறந்த பிக்கப் வண்டி. கடன் பாக்கியும் இருக்கிறது, அது வேறு கதை.) போன மாதம் பழைய கூஸ்நெக் (முன்மூக்கு பக்கியின் மேல் ஏறி நிற்கும்) டிரெய்லர் ஒன்று கைக்கு வந்தது. பின்னால் இரண்டு குதிரைக்கு இடம். முன்னால் தங்கும் அறை: மூக்குப் பகுதியில் கட்டில், கீழே ஒரு சோபா, இரண்டு அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ். அறைக்கும் குதிரைகளுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான்.

முன்பு வைத்திருந்தவர் போட்ட கார் ரேடியோ செத்துவிட்டது. அலமாரியில் 180-க்கு 50 மில்லிமீட்டர் ஓட்டை வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. சுவரில் இரண்டு ஸ்பீக்கர், காகிதக் கூம்பு, ஓரமெல்லாம் உளுத்துக் கொட்டுகிறது. கடைக்குப் போனால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் மறுபடியும் கார் ரேடியோவே போதும் என்கிறார். இன்னொருவர் கேரவனுக்கென்றே வரும் சுவர் செட்டைக் காட்டுகிறார். மூன்றாமவர் 1000 வாட் சப்வூஃபர் (கனத்த சத்தத்துக்கான ஸ்பீக்கர்) இல்லாமல் என்னைக் கடையை விட்டு அனுப்ப மாட்டார் போலிருந்தது. வீட்டில் சும்மா கிடக்கும் சவுண்ட்பாரை இன்வெர்ட்டரில் மாட்டலாம் என்கிறாள் மனைவி. மகளுக்கு ஒரு புளூடூத் ஸ்பீக்கர் போதுமாம்.

பேட்டரி 105 ஆம்பியர்-மணி டீப் சைக்கிள், ஈய ரகம். கூரையில் சோலார் இல்லை. மைதானங்களில் சில இடத்தில் கரண்ட் கிடைக்கும், பல இடத்தில் கிடைக்காது. காலையில் பழைய பாட்டு, மாலையில் பிராய் (தணலில் கறி சுடுவது) போடும்போது வெளியே கொஞ்சம் சத்தம், ராத்திரி மகள் டிவியில் படம் பார்ப்பாள். தேவை அவ்வளவுதான்.

ஃபீனிக்ஸ் குமரன் (வெள்ளி, இரவு 10:05)

மகள் சொல்வதைக் கேளுங்கள். புளூடூத் ஸ்பீக்கர் வாங்குங்கள், யூஎஸ்பியில் சார்ஜ் போடுங்கள், கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். ஓட்டைக்கு ஒரு மூடி.

சாட்ஸ்வர்த் வயர்மேன் (சனி, காலை 6:20)

குமரன் தம்பி சொல்வது ஒருநாள் போட்டிக்குச் சரி. மூன்று நாள் தங்கும்போது ஸ்பீக்கர் சார்ஜ் இல்லாமல் சோபாவுக்கு அடியில் கிடக்கும். நான் முப்பது வருடமாக வண்டி வயரிங் செய்கிறேன், கேரவன்களும் உண்டு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இந்த வாட் விஷயம். அட்டைப்பெட்டியில் 4 x 50 வாட் என்று போட்டிருக்கும். 12 வோல்ட்டில் ஓடும் சாதாரண கார் ரேடியோ, உள்ளே வோல்டேஜை ஏற்றும் சர்க்யூட் இல்லாவிட்டால், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகத் தரக்கூடியது 18 வாட்தான். பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி எட்டால் வகுத்துப் பாருங்கள். இஞ்சின் ஓடி 14.4 வோல்ட் வந்தால் 26 வரை போகும். மிச்சமெல்லாம் அட்டைப்பெட்டியின் கற்பனை. ஆனால் பயப்பட வேண்டாம், அந்த 18 வாட்டே உங்கள் அறைக்கு அதிகம். காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமென்றால் பவரைப் பத்து மடங்கு ஆக்க வேண்டும். அதனால் பத்து வாட்டுக்கும் இருபது வாட்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான் தெரியும். காசை ஸ்பீக்கரில் போடுங்கள், ரேடியோவில் போடாதீர்கள்.

இரண்டாவது, சவுண்ட்பார். அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை அடாப்டர் மறுபடியும் பத்தொன்பதோ இருபத்துநாலோ ஆக்கி உள்ளே அனுப்பும். மூக்கைச் சுற்றி வளைத்துத் தொடுகிற வேலை. பாட்டே பாடாவிட்டாலும் இன்வெர்ட்டர் தன் பங்கைத் தின்றுகொண்டிருக்கும். விலை குறைந்த இன்வெர்ட்டர் என்றால் அலை கரடுமுரடாக வரும், பாட்டோடு ஒரு "ம்ம்ம்" கூடவே பாடும். லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) காலத்தில் வாங்கிய பழைய இன்வெர்ட்டர்கள் இப்போது எல்லோர் வீட்டிலும் கிடக்கின்றன. அதில் ஒன்றைத் தூக்கி டிரெய்லரில் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. வேண்டாம்.

கணக்கு இது. ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுசு குறையும். ஆக 50 ஆம்பியர்-மணிதான் உங்கள் சொத்து. அதில் ஃபிரிட்ஜ் முதலாளி. கார் ரேடியோ மிதமான சத்தத்தில் ஒரு ஆம்பியர் அளவில் எடுக்கும். ஆறு மணி நேரம் கேட்டாலும் ஆறு ஆம்பியர்-மணி, ஃபிரிட்ஜ் கண்டுகொள்ளாது.

மூன்றாவது, மஞ்சள் வயரும் சிவப்பு வயரும். மஞ்சள் நினைவாற்றலுக்கு, சிவப்பு போட்டு அணைக்க. கேரவன்காரர்கள் பலர் இரண்டையும் முறுக்கி ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். மெயின் சுவிட்சை அணைத்தால் ஸ்டேஷன் எல்லாம் மறந்துபோகும், அணைக்காவிட்டால் ரேடியோ தூங்குவதே இல்லை. மஞ்சளைத் தனி ஃபியூஸோடு பேட்டரிக்குக் கொண்டுபோங்கள், சிவப்புக்கு ஒரு சுவிட்ச் போடுங்கள். நினைவுக்காக மட்டும் ஒரு 10 மில்லிஆம்பியர் போனால் மாதம் ஏழு ஆம்பியர்-மணி சொச்சம். இரண்டு மாதம் கொட்டகையில் நிறுத்தினால் அதையும் கழற்றிவிடுங்கள்.

ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ரேடியோவின் முதுகில் இருக்கும் ஃபியூஸ் ரேடியோவைத்தான் காக்கும். நடுவே அலுமினியத் தகட்டில் உரசி ஷார்ட் ஆகும் வயரை அது காக்காது. உங்களோடு பயணம் செய்வது புல்கட்டும் மரத்தூளும் என்பதை மறக்காதீர்கள்.

ஷாங்வெனி சவாரி (சனி, காலை 8:15)

அண்ணா, இவ்வளவு விவரம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. மனைவியிடம் மூக்கு உதாரணத்தைச் சொன்னேன். சவுண்ட்பார் வீட்டிலேயே இருக்கட்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. அப்படியானால் மறுபடியும் கார் ரேடியோதானா? கேரவன் சுவர் செட்?

லெனேசியா லோகன் (சனி, காலை 10:30)

சுவர் செட்டின் நல்ல குணம் ஸோன். அறைக்குள் ஒரு ஜோடி, கட்டிலுக்கு ஒரு ஜோடி, வெளியே ஒரு ஜோடி என்று பிரித்து ஒவ்வொன்றையும் தனியாக அணைக்கலாம். டிவியோடு ஹெச்டிஎம்ஐ வழியாக இணையும் மாடல்களும் உண்டு. கெட்ட குணம், அவற்றில் பலவற்றோடு ஒரு டிவிடி டிரைவும் வந்து சேரும். இன்று யாரிடம் டிவிடி இருக்கிறது? குலுங்கும் வண்டியில் முதலில் சாவதும் அந்தப் பகுதிதான். உதிரி பாகத்துக்கு இங்கே எங்கே போவது?

நான் சொல்வது படகுக்கென்று செய்யும் செட். ஃபியூஷன், ஜேபிஎல், கென்வுட் எல்லாமே செய்கின்றன. ஃபியூஷன் நியூசிலாந்தில் தொடங்கியது, இப்போது கார்மின் கையில். படகு செட்டில் சர்க்யூட் போர்டின் மேல் ஒரு பூச்சு இருக்கும், ஈரமும் உப்பும் அண்டாது. முகப்பு வெயிலில் மஞ்சளாகாது. 12 வோல்ட், ஸோன் உண்டு, டிவிடி தொல்லை இல்லை. விலை கூடுதல், ஒத்துக்கொள்கிறேன்.

ஃபீனிக்ஸ் குமரன் (சனி, காலை 10:42)

ஷாங்வெனியில் கடல் எங்கே இருக்கிறது லோகன்?

டோங்காட் தாத்தா (சனி, மதியம் 1:10)

கடல் இல்லை தம்பி, மூத்திரம் இருக்கிறது.

சிரிக்க வேண்டாம். நான் சம்மர்வெல்டில் பந்தயக் குதிரைகளோடு இருபத்திரண்டு வருடம் இருந்தவன். மூடிய டிரெய்லரில் இரண்டு குதிரை ஆறு மணி நேரம் நின்றால் கண் எரியும். அது அம்மோனியா. அம்மோனியாவுக்குச் செம்பும் பித்தளையும் பிடித்தமான தீனி. கதவுப் பிடி, பூட்டு, வயர் நுனி எல்லாம் பச்சை பூத்துப்போகும். பழைய ரேடியோ எப்படிச் செத்தது என்று பின்பக்கம் பார்த்தாரா? பச்சையாக இருந்தால் காரணம் அதுதான். ஆகையால் படகு சாமான் என்று லோகன் சொல்வது சரி. வயரும் வெள்ளீயம் பூசிய செம்பாகப் பார்த்து வாங்கினால் நல்லது. ஸ்பீக்கர் கூம்பு பிளாஸ்டிக், ஓரம் ரப்பர். காகிதம் இந்தக் காற்றில் நிற்காது, அதைத்தான் உங்கள் பழைய ஸ்பீக்கரே சொல்கிறதே.

அப்புறம், இத்தனை பேர் எழுதினீர்கள், சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பவரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மனிதன் காது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை என்பார்கள். குதிரைக்குச் சுமார் 55-இல் தொடங்கி 33,500 வரை. கனத்த சத்தம் நம்மை விடக் கொஞ்சம் குறைவாகக் கேட்கும், கீச்சுச் சத்தம் நமக்குக் கேட்காததெல்லாம் அதற்குக் கேட்கும். மலிவான சார்ஜரோ இன்வெர்ட்டரோ நம் காதுக்கு மேலே கீச்சிட்டுக்கொண்டிருந்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள், அது தூங்காது.

சப்வூஃபர் வைத்தால் அடிநாதம் காதில் விழாவிட்டாலும் தரை அதிரும். குதிரையின் நாலு காலும் அதே தரையில்தானே நிற்கின்றன? அந்தக் கடைக்காரரை ஒருமுறை பின்பக்கம் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

நடுச்சுவரில் எதையும் மாட்டாதீர்கள். ஸ்பீக்கரும் வேண்டாம், செட்டும் வேண்டாம். ஒரு உதை போதும்.

மாரிட்ஸ்பர்க் மீனா (சனி, மாலை 4:50)

தாத்தா, நடுச்சுவர் விஷயத்தில் நூற்றுக்கு நூறு. ஆனால் பாட்டே ஆகாது என்று சொல்லிவிடாதீர்கள். போலந்தில் மூன்று வயது அரபுப் பந்தயக் குதிரைகளுக்கு லாயத்தில் மாதக்கணக்கில் மெல்லிய இசை போட்டுப் பார்த்து 2015-இல் கட்டுரை வந்தது. இதயத்துடிப்பை வைத்து அளந்ததில் இசை கேட்டவை அமைதியாக இருந்தன.

என் அனுபவம் நீண்டதூர சவாரி. கணவர் குதிரை ஓட்டுவார், நான் பின்னணி வேலை. ஜூலையில் ஃபிரீ ஸ்டேட் மாகாணத்தில் ஃபாரெஸ்மித் போட்டிக்குப் போவோம். மூன்று நாள், 200 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி வாளித் தண்ணீர் உறைந்துபோகும். அலைஅலையாகக் கிடக்கும் மண்பாதையில் எங்கள் பழைய வண்டியின் ரேடியோ அலமாரியை விட்டு நழுவிக் கத்தரிக்காய்க் குழம்பில் விழுந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு கடையில் காசு கொடுத்து மாட்டியதுதான், முன்பக்கத் தகடு மட்டும் பிடித்திருந்தது. பின்பக்கம் ஒரு ஆணி துருத்திக்கொண்டிருக்குமே, அதற்குப் பட்டை போட்டு இறுக்கவே இல்லை. யார் மாட்டினாலும் அந்தப் பின்பட்டையைக் கேளுங்கள்.

இன்னொரு சந்தேகம் வயர்மேன் அண்ணாவுக்கு. இப்போதைய வண்டியில் குழாயைத் திறந்தால் ரேடியோ அணைந்து அணைந்து வருகிறது. ஏன்?

சாட்ஸ்வர்த் வயர்மேன் (சனி, இரவு 7:30)

மெலிந்த வயர். தண்ணீர் பம்ப் ஓடத் தொடங்கும் நொடியில் கரண்ட்டை அள்ளும், அதே வயரில் தொங்கும் ரேடியோவுக்கு வோல்டேஜ் சரிந்துவிடும். பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயரைத் தனியாக இழுங்கள், திரும்பும் கறுப்பு வயரையும் சேர்த்து. கறுப்பைப் பக்கத்தில் கிடைத்த ஸ்க்ரூவில் மாட்டுவதுதான் பாதி நோய்க்குக் காரணம். வண்டி ஓடும்போது பக்கியிலிருந்து சார்ஜ் ஏற பிராட் ஹாரிசன் பிளக் போட்டிருப்பீர்கள், அதன் உள்முனையையும் பாருங்கள், கருகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

குழம்பு போனதற்கு வருத்தம்.

ஷாங்வெனி சவாரி (ஞாயிறு, காலை 7:05)

தாத்தா, கழற்றிப் பார்த்தேன். பச்சை. முழுக்கப் பச்சை.

சரி, படகு செட் என்று முடிவு. இன்னும் இரண்டு கேள்வி. வெளியே ஸ்பீக்கர் சுவரில் பதிக்கலாமா? லோட்டஸ் எஃப்எம் வழியில் கிடைக்குமா? ஜோஹன்னஸ்பர்க் பக்கம் கயலாமி வரை என்3 நெடுஞ்சாலையில் போகும்போது மனைவிக்குத் தமிழ்ப் பாட்டு வேண்டும்.

ஃபீனிக்ஸ் குமரன் (ஞாயிறு, காலை 9:00)

வெளியே பதித்தால் ஒரே வாரத்தில் வேறு யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள். வெளியே போகும் லைனுக்கு ஒரு பிளக் மட்டும் வைத்து, ஸ்பீக்கரை வேண்டும்போது மாட்டி எடுங்கள். இல்லாவிட்டால் என் முதல் பதிவைத் திரும்பப் படியுங்கள்: வெளியே புளூடூத் ஸ்பீக்கர்.

லெனேசியா லோகன் (ஞாயிறு, காலை 11:20)

இந்த ஒரு தடவை குமரன் பக்கம்.

ரேடியோவைப் பற்றி: உங்கள் வண்டி அலுமினியப் பெட்டி. உள்ளே ஒட்டும் கம்பி ஆன்டெனா வேலைக்கு ஆகாது, கூரைக்கு மேல்தான் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் டர்பனிலும் ஜோஹன்னஸ்பர்க் பக்கமும் கிடைக்கும் லோட்டஸ் நடுவழியில் எல்லா இடத்திலும் நிற்காது. வான் ரீனன் கணவாய்ப் பக்கம் போனில் இறக்கி வைத்த பாட்டுதான் கை கொடுக்கும். எப்படியும் ஓடும்போது டிரெய்லருக்குள் ஆள் உட்காரக் கூடாது, அக்கா பக்கியில்தானே இருப்பார்கள்?

ஆன்டெனா வைத்தும் கரகரத்தால் எல்ஈடி விளக்குகளை அணைத்துப் பாருங்கள். மலிவான 12 வோல்ட் எல்ஈடி, எஃப்எம்மை நன்றாகக் கெடுக்கும். விளக்கு வயரில் ஃபெரைட் வளையம் மாட்டினால் குறையும்.

டிவியை புளூடூத்தில் இணைக்காதீர்கள். பல செட்களில் உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போகும். கேபிள் போடுங்கள். கேபிள் போட்டதும் ஊளை வந்தால், டிவியும் செட்டும் இரண்டு வழியாக எர்த் ஆகின்றன என்று அர்த்தம். நடுவில் ஒரு ஐசொலேட்டர் போட்டால் போய்விடும்.

டோங்காட் தாத்தா (ஞாயிறு, மாலை 3:00)

மீனாம்மா, போலந்து விஷயம் சரியாகவே இருக்கட்டும். லாயத்தில் பழக்கிய மெல்லிசை வேறு, போட்டிக்கு முந்தின ராத்திரி புது இடத்தில் திடீரென்று போடும் பாட்டு வேறு. வீட்டிலேயே பத்து நாள் பழக்கிவிட்டு அப்புறம் வெளியூரில் போட்டால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

என் கவலை வேறு. குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் முதலில் நம் காதுதான் கண்டுபிடிக்கும். முன்காலால் தரையைப் பிராண்டும், படுத்துப் புரளும், சுவரில் இடிக்கும். டர்பனின் ஜூலைப் பந்தயத்துக்கு முந்தின வாரங்களில் லாயத்தில் படுத்தால் எங்களுக்கு ரேடியோ கிடையாது. சுவரின் அந்தப் பக்கம் மெல்லும் சத்தம் நின்றால் எழுந்துவிடுவோம். அதனால் உங்கள் செட்டில் எதைப் பார்க்கிறீர்களோ இல்லையோ, இருட்டில் கை வைத்ததும் சத்தம் போகிற மாதிரி உருண்டைத் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். தொடுதிரை வேண்டாம். நாலு தடவை தட்டி மெனுவுக்குள் போய்ச் சத்தத்தைக் குறைப்பதற்குள் குதிரை புரண்டு முடித்துவிடும்.

மாரிட்ஸ்பர்க் மீனா (ஞாயிறு, மாலை 3:25)

இதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை தாத்தா.

ஷாங்வெனி சவாரி (பதினெட்டு நாள் கழித்து, இரவு 10:15)

மாட்டியாயிற்று. திருகு வைத்த படகு செட், 165 மில்லிமீட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஆழம் குறைந்த ரகம். (சுவர் 40 மில்லிமீட்டர்தான். சாதாரண ஸ்பீக்கரின் காந்தம் மறுபக்கம் எட்டிப்பார்க்கும்.) சோபாவுக்கு எதிரே, பக்கச்சுவரில். தகட்டின் உள்பக்கம் பியூட்டைல் (அதிர்வை அடக்கும் ரப்பர்) விரிப்பு ஒட்டிய பிறகு அந்தத் தகர டப்பா சத்தம் போயே போய்விட்டது. இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று யாரும் எச்சரிக்கவில்லை. கட்டிலுக்கு மேல் ஸ்பீக்கர் வேண்டாம் என்று மகளே சொல்லிவிட்டாள். வெளியே குமரனின் புளூடூத். பின்பட்டை போட்டேன், ஃபியூஸ் ஒரு சாணுக்குள். மெல்லிய இசையைப் பத்து நாள் வீட்டு லாயத்தில் போட்டுப் பழக்கினோம்.

முதல் வெளியூர் இன்று. குதிரைகளை டிரெய்லருக்குப் பக்கத்தில் மின்வேலி நாடா கட்டி நிறுத்தியிருக்கிறோம். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒன்றைத் தவிர. ஸ்பீக்கரில் நொடிக்கு ஒருமுறை "டிக், டிக்" என்று வருகிறது. பாட்டு போட்டாலும் வருகிறது, நிறுத்தினாலும் வருகிறது. விளக்கை அணைத்தேன், போன் சார்ஜரைக் கழற்றினேன், டிவி கேபிளைப் பிடுங்கினேன். நிற்கவில்லை.

சாட்ஸ்வர்த் வயர்மேன் (அதே இரவு, 10:22)

வேலி மிஷினை எந்த பேட்டரியில் மாட்டினீர்கள்?

ஷாங்வெனி சவாரி (10:24)

அறை பேட்டரியில்தான். வேறு பேட்டரி ஏது?

சாட்ஸ்வர்த் வயர்மேன் (10:31)

அதுதான். மிஷின் நொடிக்கு ஒருமுறை வேலிக்கு அடி கொடுக்கிறது, அந்த அடி பேட்டரி வழியாக ரேடியோவுக்கும் வருகிறது. வேலிக்குத் தனியாக ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி வாங்குங்கள். எர்த் கம்பியை டிரெய்லரிலிருந்து நாலு மீட்டராவது தள்ளி மண்ணில் அடியுங்கள். இன்றைக்கு செட்டை அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.

டோங்காட் தாத்தா (10:40)

அணைக்கும் முன்னால் ஒன்று கேட்கிறேன். டிக் சத்தம் சாயங்காலத்திலிருந்து ஒரே அளவா, இல்லை கூடியிருக்கிறதா? ஈரப் புல் நாடாவைத் தொட்டு அங்கே பொறி தட்டினால் சத்தம் கூடும். பண்ணைக்காரர்கள் ஏஎம் ரேடியோவை வேலியோரம் தூக்கிக்கொண்டு நடந்து கோளாறைத் தேடுவார்கள்.

ஷாங்வெனி சவாரி (10:58)

கூடித்தான் இருக்கிறது தாத்தா. டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். பின்மூலையில் ஒரு கம்பம் சாய்ந்து, நாடா பனி நனைந்த புல்லில் கிடந்தது, நீலமாகப் பொறி தட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து மூன்றடி தள்ளி எங்கள் குதிரை மல்லி, மறுபக்கத்துப் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். கம்பத்தை நிமிர்த்தி அடித்துவிட்டேன். இப்போது டிக் மெல்லக் கேட்கிறது. இன்று ராத்திரி இதை அணைக்கப் போவதில்லை.

ஃபீனிக்ஸ் குமரன் (11:03)

புளூடூத் ஸ்பீக்கரில் இது கேட்டிருக்காது. முதல் பதிவை வாபஸ் வாங்குகிறேன்.